முட்டி மாற்று சிகிச்சை: செயற்கை மூட்டின் வடிவம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் பதினெட்டு வருடமாக பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். முட்டி மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வருகிறவர்களை நடக்க வைப்பதும், முட்டியை மடக்கி நீட்ட வைப்பதும்தான் என் தினசரி வேலை. திருவிடைமருதூர், பாபநாசம், வலங்கைமான், நீடாமங்கலம், மன்னார்குடி என்று சுற்று வட்டாரம் முழுவதிலிருந்தும் வருகிறார்கள். முன்பெல்லாம் "வலி போயிடுமா பாப்பா?" என்று மட்டும்தான் கேட்பார்கள். இப்போது ஆபரேஷனுக்கு முன்பே யூடியூப் பார்த்துவிட்டு, "எந்த மாடல் வைக்கணும்? எந்த ஷேப் நல்லா மடங்கும்?" என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அறுவை செய்வது என் வேலை இல்லை. எதை வைப்பது என்பதை உங்கள் எக்ஸ்ரேயைப் பார்த்து எலும்பு மூட்டு டாக்டர்தான் முடிவு செய்வார். அவர் சொல்வது புரிவதற்கும், அவரிடம் சரியாகக் கேட்பதற்கும் இது உதவினால் போதும் என்று எழுதுகிறேன்.

செயற்கை மூட்டு என்றால் முட்டியையே வெட்டி எடுத்துவிட்டு வேறு முட்டி வைப்பதா?

இல்லை. இந்தப் பயத்திலேயே ஐந்தாறு வருடம் வலியோடு தள்ளிப்போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பல்லுக்கு கேப் போடுவதைப் போல நினைத்துக்கொள்ளுங்கள். தொடை எலும்பின் அடி முனையிலும் கீழ்க்கால் எலும்பின் மேல் முனையிலும் தேய்ந்துபோன பரப்பை சில மில்லிமீட்டர் சீவி எடுத்துவிட்டு, அங்கே புதுப் பரப்பு வைக்கிறார்கள். தொடை எலும்பின் முனையில் கவிழ்ப்பது ஓர் உலோகத் தொப்பி. பெரும்பாலும் கோபால்ட்-குரோம் கலவை. கீழ்க்கால் எலும்பின் மேல் ஓர் உலோகப் பீடம். இரண்டுக்கும் நடுவே பாலிஎத்திலீன் என்ற கெட்டியான பிளாஸ்டிக் தட்டு. சிலருக்கு முட்டிச் சில்லின் உள்பக்கத்திலும் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் பொத்தான் வைப்பார்கள். பக்கவாட்டு ஜவ்வுகள், தசைகள், நரம்புகள் எல்லாம் உங்களுடையவைதான், அப்படியே இருக்கும்.

என் மேஜையில் ஒரு மாதிரி மூட்டு வைத்திருக்கிறேன். அந்தத் தொடைத் தொப்பியைக் கையில் எடுத்துப் பார்த்த சுவாமிமலை ஸ்தபதி ஒருவர், திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது மெழுகு வார்ப்பு மாதிரி இருக்கே" என்றார். அவர் கண் தப்பவில்லை. இந்தத் தொப்பிகளில் பெரும்பாலானவை மெழுகில் உருச் செய்து, மேலே ஓடு கட்டி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகம் ஊற்றுகிற முறையில்தான் செய்யப்படுகின்றன. காவிரி வண்டல் மண்ணை மெழுகின் மேல் பூசி நடராஜர் வார்க்கிறார்களே, அடிப்படையில் அதே முறை. வார்த்த பிறகு கண்ணாடி மாதிரி மெருகேற்றுவார்கள். அந்த ஸ்தபதிக்கும் இரண்டு முட்டியும் தேய்ந்திருந்தது. நாற்பது வருடம் தரையில் உட்கார்ந்து ராவியவர்.

இயற்கையான முட்டி எப்படி மடங்குகிறது? கதவுக் கீல் மாதிரிதானே?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். முட்டி கீல் மாதிரி மடங்குவதில்லை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லாக் கேள்விக்கும் பதில் இதிலிருந்துதான் வருகிறது.

வீட்டில் ஆட்டுக்கல்லும் அம்மியும் இருந்ததை நினைத்துப் பாருங்கள். ஆட்டுக்கல்லில் குழவி குழியை விட்டு நகராது, இருந்த இடத்திலேயே சுழலும். அம்மியில் குழவி முன்னும் பின்னும் உருண்டு ஓடும். உங்கள் முட்டியின் உள்பக்கம், அதாவது மறு காலைப் பார்த்த பக்கம், ஆட்டுக்கல். அங்கே கீழ்க்கால் எலும்பு குழிந்திருக்கிறது, தொடை எலும்பின் உருண்டை அந்தக் குழியில் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே சுழல்கிறது. வெளிப்பக்கம் அம்மி. அங்கே கீழ்க்கால் எலும்பு தட்டையாக, சொல்லப்போனால் லேசாக மேடாகவே இருக்கிறது. முட்டி மடங்க மடங்க, தொடை எலும்பின் வெளி உருண்டை சுமார் 2 செ.மீ. பின்னால் உருண்டு போகிறது. உள்பக்கம் நிற்க, வெளிப்பக்கம் பின்னால் போவதால், மடக்கும்போது கால் கொஞ்சம் உள்நோக்கித் திரும்புகிறது. சம்மணம் போட்டு உட்காரும்போது பாதம் தொடைக்கு அடியில் சுலபமாகப் போய்ச் சேர்வதில் இடுப்போடு சேர்ந்து இந்தத் திருப்பத்துக்கும் பங்கு உண்டு.

காலை முழுதாக நீட்டும்போது இன்னொன்று நடக்கிறது. கடைசி இருபது டிகிரியில் கீழ்க்கால் லேசாக வெளியே திரும்பி, திருகு இறுகின மாதிரி முட்டி பூட்டிக்கொள்ளும். அதனால்தான் தொடைத் தசைக்கு அதிக வேலை கொடுக்காமல் நம்மால் வெகு நேரம் நிற்க முடிகிறது.

அப்படியானால் அதே வடிவத்தில் செய்து வைத்துவிட்டால் என்ன?

ஐம்பது வருடமாக அதற்குத்தான் முயற்சி நடக்கிறது. 1974ல் நியூயார்க்கில் ஜான் இன்சால், இந்தியாவில் பிறந்த சித்தரஞ்சன் ராணாவத், பொறியாளர் பீட்டர் வாக்கர் ஆகியோர் உருவாக்கிய 'டோட்டல் கண்டைலர்' மூட்டுதான் இன்றைய மூட்டுகளுக்கு முன்னோடி. அதில் இரண்டு பக்கமும் குழிதான், அதாவது இரண்டும் ஆட்டுக்கல். வலி போனது, நன்றாக உழைத்தது. ஆனால் 90 டிகிரி அளவில் மடங்குவது நின்றது. தொடை எலும்பு பின்னால் உருண்டு போகாததால், மடக்கும்போது அதன் பின்புறம் பிளாஸ்டிக் தட்டின் பின் விளிம்பில் இடித்தது.

இடம் மட்டும் பிரச்சினை இல்லை. முட்டிக்குள் குறுக்காக இரண்டு ஜவ்வுகள் இருக்கின்றன, முன் குறுக்கு ஜவ்வு, பின் குறுக்கு ஜவ்வு. எலும்பு எங்கே உருள வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று இழுத்துப் பிடித்து வழிகாட்டுவது இவைதான். வழக்கமான முழு மூட்டு மாற்றில் முன் குறுக்கு ஜவ்வை எடுத்துவிடுவார்கள். மெத்தை மாதிரி இருக்கும் மெனிஸ்கஸ் குருத்தெலும்பும் போய்விடும். ஜவ்வும் மெத்தையும் செய்த வேலையை உலோகமும் பிளாஸ்டிக்கும் தங்கள் வடிவத்தால் செய்ய வேண்டியிருக்கிறது. இயற்கை முட்டியின் எலும்பு வடிவத்தை மட்டும் நகல் எடுத்து வைத்தால், பிடித்து நிறுத்த ஆள் இல்லாமல் முட்டி வழுக்கும்.

'மீடியல் பிவட்' என்று ஒரு வகை இருக்கிறது. உள்பக்கம் ஆழமான குழி, வெளிப்பக்கம் கொஞ்சம் தட்டை. ஆட்டுக்கல்லும் அம்மியும் என்று நான் சொன்னதைத்தான் அது பின்பற்றப் பார்க்கிறது. முட்டி உறுதியாக, இயல்பாக இருப்பதாக அதை வைத்துக்கொண்டவர்கள் சொன்னதைச் சில ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. வேறு சில ஆய்வுகளில் மற்ற வகைகளுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எனக்கு அந்த யோசனை பிடிக்கும். ஆனால் அது இல்லாமல் வேறு வகை வைத்துக்கொண்டு வரப்பில் நடக்கிறவர்களும் என்னிடம் நிறையப் பேர்.

பிளாஸ்டிக் தட்டில் குழி ஆழமாக இருந்தால் நல்லதா, தட்டையாக இருந்தால் நல்லதா?

தலையில் குடம் வைப்பதற்கு முன் சும்மாடு சுற்றி வைப்போம். சும்மாடு இல்லாவிட்டால் மொத்த எடையும் ஒரு புள்ளியில் குத்தும். சும்மாடு குடத்தின் அடியோடு பொருந்துவதால் எடை பரவுகிறது. முட்டியிலும் அதே கணக்குதான். உருண்டையான உலோகம் தட்டையான பிளாஸ்டிக் மேல் நின்றால் தொடுகிற இடம் சின்னது, அழுத்தம் அதிகம். குழியாக இருந்தால் தொடும் பரப்பு கூடி அழுத்தம் குறையும். முட்டியில் எவ்வளவு எடை விழுகிறது என்று ஜெர்மனியில் சென்சார் பொருத்திய மூட்டுகளை நோயாளிகளுக்கு வைத்தே அளந்திருக்கிறார்கள். சமதளத்தில் நடக்கும்போது உடல் எடையைப் போல் சுமார் இரண்டரை மடங்கு, படி இறங்கும்போது ஏறக்குறைய மூன்றரை மடங்கு. 65 கிலோ இருக்கிற அம்மா படித்துறையில் இறங்கும்போது அந்தச் சின்ன பிளாஸ்டிக் தட்டு 200 கிலோவுக்கு மேல் தாங்குகிறது.

அப்படியானால் ஆழமாகவே செய்துவிடலாமே என்று தோன்றும். மாடு கட்டிய முளைக்குச்சியைப் பாருங்கள். கயிறு நீளமாக இருந்தால் மாடு திரும்பினாலும் முளை அசையாது. கட்டையாகக் கட்டினால் மாடு திரும்பும்போதெல்லாம் முளையை ஆட்டி ஆட்டி, ஒருநாள் பிடுங்கிவிடும். குழி மிகவும் ஆழமாக இருந்தால் முட்டி திரும்ப இடம் கிடைக்காது. திரும்புகிற விசை எல்லாம் நேராகப் பீடத்துக்கும், அதை எலும்போடு ஒட்டியிருக்கும் சிமெண்ட்டுக்கும் போகும். காலப்போக்கில் பீடம் தளரும்.

1980களில் தட்டையாகவும் மெல்லியதாகவும் செய்த பிளாஸ்டிக் தட்டுகள் நிறைய வந்தன. சுதந்திரமாக அசையும் என்று நினைத்துச் செய்தது. அவை சீக்கிரம் தேய்ந்தன, சில படலம் படலமாக உரிந்தன. காற்றுப்பட வைத்து கதிர்வீச்சால் கிருமி நீக்கியதும் பிளாஸ்டிக்கைக் கெடுத்தது. தேய்ந்த தூள் உள்ளேயே தங்கினால் சுற்றியுள்ள எலும்பை அரிக்கும். இன்று செய்யப்படும் பிளாஸ்டிக் எவ்வளவோ மேல். தட்டும் குறைந்தது 8 மி.மீ. கனமாவது இருக்க வேண்டும் என்பது அந்தக் காலத்தில் கற்ற பாடம்.

ஒரு முறை டாக்டர் ஒருவர், மாற்றி எடுத்த பழைய பிளாஸ்டிக் தட்டை எனக்குக் காட்டினார். முன்பக்கம் புதுசு மாதிரி வழவழவென்று இருந்தது. உள்பக்கத்துப் பின் மூலையில் மட்டும் விரல் நுனி பதிகிற அளவுக்குப் பள்ளம், அதன் ஓரத்தில் வெங்காயத் தோல் மாதிரி ஒரு படலம் கிளம்பி நின்றது. அந்த முட்டி பத்துப் பன்னிரண்டு வருடமாக எங்கே எடை வாங்கியது என்பதை அந்தத் தட்டே சொல்லியது.

ஒரே ஆரம், பல ஆரம் என்கிறார்களே, அது என்ன?

தொடைத் தொப்பியைப் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒரு வளைவு தெரியும். சில மாடலில் அது ஒரே வட்டத்தின் துண்டு, வண்டிச் சக்கரம் மாதிரி. சிலவற்றில் முன்னால் பெரிய வட்டம், பின்னால் போகப்போகச் சின்ன வட்டம். பெரியதிலிருந்து சின்னதுக்கு மாறும் இடம் திடீரென்று இருந்தால், முட்டி பாதி மடங்கிய நிலையில் பக்கத்து ஜவ்வுகள் ஒரு கணம் தளரும். படி இறங்கும்போது "முட்டி விட்டுப்போற மாதிரி இருக்கு" என்று சிலர் சொல்வார்கள். அதற்கு இந்த வளைவு மாற்றமும் ஒரு காரணமாகலாம். தொடைத் தசை பலவீனமும், ஜவ்வுகளைச் சமன் செய்ததில் குறையும் அதைவிட அடிக்கடி காரணமாக இருக்கும். ஒரே ஆரம், படிப்படியாக மாறும் ஆரம் என்று வந்ததெல்லாம் இந்தத் தளர்வைக் குறைக்கத்தான். ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள் பெரும்பாலும் பெரிய வித்தியாசம் காட்டவில்லை. இதற்காக டாக்டரை மாற்ற வேண்டாம்.

பின் ஜவ்வை வைத்துக்கொள்ளும் வகை, எடுத்துவிடும் வகை, இதில் எது வேண்டும்?

முன் குறுக்கு ஜவ்வு போனாலும் பின் குறுக்கு ஜவ்வை வைத்துக்கொள்ள முடியும். அப்படி வைத்தால் தொடை எலும்பைப் பின்னால் உருட்டும் வேலையை அது பார்க்கும், தட்டும் கொஞ்சம் தட்டையாக இருக்கலாம். அதை எடுத்துவிட்டால், பிளாஸ்டிக் தட்டின் நடுவே ஒரு முளையும் தொடைத் தொப்பியில் ஒரு குறுக்குத் தண்டும் வைப்பார்கள். முட்டி மடங்கும்போது தண்டு முளையில் முட்டிக்கொண்டு தொடை எலும்பைப் பின்னால் தள்ளும். 1978ல் இன்சாலும் பொறியாளர் பர்ஸ்டீனும் இதைக் கொண்டுவந்தார்கள். பழைய 90 டிகிரியைத் தாண்டி முட்டி மடங்க ஆரம்பித்தது இப்படித்தான். ஜவ்வு சுருங்கி, கால் வில்லாக வளைந்து, நீட்டவே முடியாமல் வருகிறவர்களுக்கு இந்த வகை டாக்டருக்கும் சௌகரியம். நம் பக்கத்தில் பலர் அந்த நிலைக்கு வந்த பிறகுதான் ஆபரேஷனுக்கே சம்மதிக்கிறார்கள். இரண்டு வகையும் நீண்ட காலம் உழைக்கின்றன. எதைச் செய்து கை பழகியிருக்கிறதோ அதை டாக்டர் வைப்பதே நல்லது.

சம்மணம் போட முடியுமா? பந்தியில் உட்கார முடியுமா?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்கும்போது பலருக்குக் கண் கலங்கும். நாற்றங்காலில் குந்தி நாற்றுப் பறித்தவர்கள், தரையில் உட்கார்ந்து பூக்கட்டியவர்கள், துக்க வீட்டில் எல்லோரும் பாயில் உட்கார்ந்திருக்கத் தான் மட்டும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வெட்கப்படுகிறவர்கள். வலி போனால் போதும் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு, இந்த ஆசையை என்னிடம்தான் மெதுவாகச் சொல்வார்கள்.

முதலில் கணக்கு. சாதாரணமாக நடக்க 60, 65 டிகிரி மடங்கினால் போதும். படி ஏற இறங்க 90 வேண்டும். தாழ்வான நாற்காலியிலிருந்து எழ 100, 105. சம்மணம் போடவும் குந்தி உட்காரவும் 130க்கு மேல் போக வேண்டும், கூடவே கால் திரும்பவும் வேண்டும். மூட்டு மாற்றிய பிறகு பெரும்பாலோருக்குக் கிடைப்பது 110 முதல் 125 வரை.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் 'ஹை ஃப்ளெக்ஸ்' வடிவம் வந்தது. தொடைத் தொப்பியின் பின்புறத்தைத் தடிமனாக்கி வளைவை இன்னும் மேலே நீட்டினார்கள். அதற்காக எலும்பிலும் பின்னால் கூடுதலாக 2 மி.மீ. அளவுக்கு வெட்ட வேண்டும். மடக்கும்போது முட்டிச் சில்லின் நாண் இடிக்காமல் இருக்க, பிளாஸ்டிக் தட்டின் முன்னால் ஒரு வெட்டும் கொடுத்தார்கள். பின்புறத் தடிமன் முக்கியம் என்பதற்கு ஆதாரமும் இருந்தது. பின் ஜவ்வை வைத்துக்கொண்ட மூட்டுகளில், தொடை எலும்பின் பின்புறத் துருத்தல் 2 மி.மீ. குறைந்தால் மடங்குவது சராசரியாக 12 டிகிரி குறைவதாக 2002ல் பெல்ஜியத்தில் ஒரு குழு எழுதியது. எல்லா வகை மூட்டிலும் அந்தக் கணக்கு அப்படியே ஒத்துவரவில்லை.

ஆனால் ஹை ஃப்ளெக்ஸையும் சாதாரண வகையையும் ஒப்பிட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மடங்குவதில் நோயாளி உணர்கிற அளவுக்கு வித்தியாசம் கிடைக்கவில்லை. 2007ல் கொரியாவிலிருந்து வந்த ஓர் ஆய்வு பயமுறுத்தவும் செய்தது. ஹை ஃப்ளெக்ஸ் வைத்த 72 முட்டிகளில் 27ல் தொடைத் தொப்பி சீக்கிரமே தளர்ந்துவிட்டது. அதுவும் குந்தி, மண்டியிட்டு, சம்மணம் போட்டு உட்கார முடிந்தவர்களுக்குத்தான் அதிகம் தளர்ந்தது. அதே வகையை வைத்த மற்ற இடங்களில் இவ்வளவு தளர்வு வரவில்லை. இருந்தாலும் முழுதாக மடக்கி எடையை அதன் மேல் போடும்போது தொப்பியின் பின் ஓரம் எலும்பை விட்டு நெம்பப்படுகிறது என்பதை மறக்கக் கூடாது.

விலையையும் சொல்லிவிடுகிறேன். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு முட்டி இம்ப்ளாண்ட்களுக்கு உச்சவரம்பு விதித்தபோது, சாதாரண கோபால்ட்-குரோம் மூட்டுக்கு 54,720 ரூபாய், ஹை ஃப்ளெக்ஸுக்கு 56,490 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. வித்தியாசம் இரண்டாயிரம் ரூபாய்கூட இல்லை. பிறகு விலைகள் கொஞ்சம் மாறியிருக்கின்றன. ஹை ஃப்ளெக்ஸ் என்ற பெயருக்காக மட்டும் யாராவது பெரிய தொகை கேட்டால், இம்ப்ளாண்ட் விலையைத் தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

சரி, அப்போது எதனால்தான் நன்றாக மடங்கும்? ஆபரேஷனுக்கு முன் உங்கள் முட்டி எவ்வளவு மடங்கியதோ அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம். முன்பு 130 மடங்கியவருக்குப் பிறகும் அதை ஒட்டி வரும். முன்பே 80ல் நின்றுவிட்ட முட்டியை எந்த வடிவமும் 130க்குக் கொண்டுபோகாது. அதனால்தான் "முடியாமப் போனப்புறம் பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போடுகிறவர்களிடம் நான் மன்றாடுகிறேன். அதற்கடுத்தது முதல் ஆறு வாரப் பயிற்சி.

வலங்கைமான் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியம்மாவுக்கு சாதாரண மாடல்தான் வைத்திருந்தார்கள். ஆறாவது வாரம் கோணமானியை வைத்தேன். அதன் ஒரு கரத்தைத் தொடை மேலும், இன்னொன்றைக் கணுக்காலை நோக்கியும் வைத்து முள்ளைப் பார்த்தால் 118. "போதுமா பாப்பா?" என்றார். எதற்குப் போதும் என்று கேட்டேன். பேத்தி கல்யாணம் ஆவணியில், பந்தி பரிமாற வேண்டும் என்றார். குனிந்து பரிமாற 118 தாராளம். உட்கார்ந்து சாப்பிட மேஜை போடச் சொல்லிவிட்டு, அவர் பரிமாறினார்.

அவசரத்துக்கு ஒரு நாள் திண்ணையில் காலை மடித்து உட்கார்ந்துவிட்டால் மூட்டு உடைந்துவிடாது. தினமும் தரையில் குந்தி வேலை செய்வதையும், குந்துகிற கழிப்பறையையும் விட்டுவிடுங்கள். வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் கட்டுவதை ஆபரேஷனுக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

முட்டிச் சில்லுக்கும் வடிவத்துக்கும் சம்பந்தம் உண்டா?

நிறைய உண்டு. கிணற்று ராட்டினத்தில் கயிறு ஓட ஒரு பள்ளம் இருக்குமே, அதே மாதிரி தொடைத் தொப்பியின் முன்னால் சில்லு ஓட ஒரு பள்ளம் உண்டு. பள்ளம் ஆழமில்லாமலோ தப்பான பக்கம் சாய்ந்தோ இருந்தால், ராட்டினத்தில் கயிறு விலகுவது போலச் சில்லு வெளியே இழுத்துக்கொண்டு போகும். முட்டியின் முன்பக்கம் வலிக்கும், நாற்காலியிலிருந்து எழும்போது நறுக் என்று இடிக்கும். அதனால்தான் பல மாடல்களில் இடது காலுக்கும் வலது காலுக்கும் தனித் தொப்பி செய்கிறார்கள். முளை வைத்த பழைய மாடல்களில் இன்னொரு தொல்லை இருந்தது. சில்லுக்குச் சற்று மேலே ஒரு தழும்புக் கட்டி வளர்ந்து, காலை நீட்டும்போது தொப்பியின் நடுவே முளை நுழையும் பெட்டியில் சிக்கிச் 'சடக்' என்று விடுபடும். பள்ளத்தை நீட்டி, பெட்டியின் விளிம்பை வழுவழுப்பாக்கிய பிறகு அது குறைந்துவிட்டது. நம் ஊரில் பல டாக்டர்கள் சில்லுக்குப் பொத்தான் வைக்காமல் உங்கள் சில்லையே விட்டுவிடுவார்கள். அப்போது உங்கள் எலும்பே அந்த உலோகப் பள்ளத்தில் ஓட வேண்டும். பள்ளத்தின் வடிவம் அங்கே இன்னும் முக்கியம்.

பெண்களுக்கென்று தனி மூட்டு வேண்டுமா?

2006ல் அமெரிக்காவில் பெண்களுக்கான மூட்டு என்றே விளம்பரம் செய்தார்கள். ஒரே பெண்ணுக்கு ஒரு முட்டியில் அதையும் மறு முட்டியில் சாதாரண வகையையும் வைத்துப் பார்த்த ஆய்விலும் பலனில் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் அதற்குப் பின்னால் இருந்த விஷயம் உண்மை. முன்பின் நீளம் ஒன்றாக இருந்தாலும் பெண்களின் தொடை எலும்பு பக்கவாட்டில் குறுகல். நம் நாட்டுப் பெண்களுக்கு எலும்பே சின்னது. சில சைஸ்களே உள்ள செட்டிலிருந்து எடுத்து வைத்தால் உலோகம் எலும்பை விட்டு வெளியே துருத்தும். தொடைத் தொப்பி 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் துருத்தினால், இரண்டு வருடம் கழித்தும் வலி இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று 2010ல் ஓர் ஆய்வு காட்டியது. துருத்துகிற இடத்தில் ஜவ்வும் சதையும் உரசிக்கொண்டே இருக்கும். அதனால் "பெண்கள் மாடலா?" என்று கேட்பதைவிட, "என் எலும்புக்குச் சின்ன சைஸும், குறுகலான சைஸும் இந்த கம்பெனியில் இருக்கிறதா டாக்டர்?" என்று கேளுங்கள். என் கணக்கில் வடிவத்தைப் பற்றி டாக்டரிடம் கேட்கத்தக்க மிக உபயோகமான கேள்வி இதுதான்.

சுழலும் தட்டு நல்லதா?

திருகையின் மேல்கல் மாதிரி பிளாஸ்டிக் தட்டு பீடத்தின் மேல் சுழலும். குழியும் ஆழமாக இருக்கலாம், திரும்பவும் இடம் கிடைக்கும் என்ற நல்ல யோசனை. 1970களின் கடைசியிலிருந்து இருக்கிறது. நிலையான தட்டைவிட அதிக காலம் உழைக்கிறது என்று நிரூபணமாகவில்லை. ஜவ்வு தளர்ந்தவர்களுக்குத் தட்டு கழன்று திரும்பிவிடும் ஆபத்து கொஞ்சம் உண்டு.

தங்க மூட்டு என்கிறார்களே?

அதில் தங்கம் இல்லை. டைட்டானியம் நைட்ரைடு போன்ற பூச்சின் நிறம் அது. நிக்கல் அலர்ஜி இருப்பவர்களுக்கு டாக்டர் யோசிக்கலாம். வடிவம் உள்ளே இருக்கும் மாடல் எதுவோ அதுதான். காதில் கிடப்பதை அடகு வைத்துத் தங்க மூட்டு வைக்க வேண்டிய அவசியமே இல்லை.

இந்த மூட்டுகளை எப்படிச் சோதிக்கிறார்கள்?

மெஷினில் மாட்டி, எடை போட்டு, நடப்பது போல லட்சக்கணக்கான முறை மடக்கி நீட்டுவார்கள். பத்து லட்சம் முறை என்பது ஏறக்குறைய ஒரு வருட நடை என்று கணக்கு. வழக்கமாக ஐம்பது லட்சம் முறை ஓட்டித் தேய்மானத்தை எடை போட்டுப் பார்ப்பார்கள். ஆனால் அந்த சர்வதேச நடைச் சோதனையில் முட்டி 58 டிகிரி அளவுக்குத்தான் மடங்கும். நாற்றங்காலில் குந்துவதும், கோவிலில் தரையில் உட்கார்ந்து எழுவதும் அதில் இல்லை. அட்டையில் எழுதியிருக்கும் சோதனைக் கணக்கு நம் வாழ்க்கைக்குச் செய்த சோதனை என்று நினைக்க வேண்டாம்.

எவ்வளவு நாள் உழைக்கும்?

பல நாட்டுப் பதிவேடுகளைச் சேர்த்து 2019ல் வந்த ஆய்வின்படி, முழு மூட்டு மாற்றுகளில் சுமார் 82 சதவீதம் 25 வருடம் தாக்குப்பிடிக்கின்றன. முட்டியின் தேய்ந்த ஒரு பக்கத்தை மட்டும் மாற்றும் பாதி மூட்டு மாற்றில் சுமார் 70 சதவீதம். பாதி மூட்டில் இரண்டு குறுக்கு ஜவ்வும் தங்குவதால் முட்டி இயல்பாக இருக்கும், நன்றாகவும் மடங்கும். தேய்மானம் ஒரு பக்கத்தோடு நிற்கிறவர்களுக்கு அதையும் டாக்டரிடம் கேட்டுப் பார்க்கலாம். பணம் ஒரு தடை என்றால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் முடியுமா என்று தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நேரில் விசாரியுங்கள்.

பிற்காலத்தில் பிளாஸ்டிக் தட்டு தேய்ந்தால் அதை மட்டும் மாற்றலாமா?

உலோகம் தளராமல், நேராக இருந்தால் பல நேரம் மாற்றலாம். ஆனால் ஒரு கம்பெனியின் தட்டு இன்னொரு கம்பெனியின் பீடத்தில் உட்காராது. பூட்டும் பள்ளம், முளையின் உயரம், குழியின் வளைவு எல்லாம் மாடலுக்கு மாடல் வேறு. ஒரே கம்பெனியிலும் சைஸ் பொருந்த வேண்டும்.

வேதாரண்யம் பக்கத்து அத்தை ஒருவர் முட்டி மாற்றி வருடக்கணக்கில் நன்றாக இருந்தார். 2018ல் கஜா புயலில் ஓடு பறந்து, டிரங்குப் பெட்டியில் இருந்த காகிதமெல்லாம் ஊறிப்போனது. பிறகு தட்டு தேய்ந்து முட்டி வீங்க ஆரம்பித்தபோது, என்ன மாடல், என்ன சைஸ் என்று யாருக்கும் தெரியவில்லை. முதலில் ஆபரேஷன் செய்த இடத்திலும் பழைய ரிக்கார்டு கிடைக்கவில்லை. புது டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்து, பீடத்தின் அடியில் இருக்கும் தண்டின் வடிவத்தையும் தொப்பியின் நடுப் பெட்டியையும் பார்த்துப் பார்த்துத்தான் மாடலைக் கண்டுபிடித்தார். அதற்கே மூன்று வாரம் ஓடியது. அந்த மூன்று வாரமும் அத்தை வலியோடுதான் இருந்தார்.

ஆபரேஷன் அன்று ஒவ்வொரு பாகத்தின் பெட்டியிலிருந்தும் ஸ்டிக்கர் கிழித்து கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள். கம்பெனி, மாடல், சைஸ், லாட் நம்பர் எல்லாம் அதில் இருக்கும். டிஸ்சார்ஜ் ஆகும்போது அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள், தர வேண்டியது அவர்கள் கடமை. அங்கேயே செல்போனில் போட்டோ எடுத்து, சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளைக்கும் பக்கத்து ஊரில் இருக்கும் பெண்ணுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். தாளை நிலப் பட்டாவோடு சேர்த்து பீரோவில் வைத்துவிடுங்கள்.